பாதியில் ஏறிய ரயில் கார்டு

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதில் மூன்றாவதை மட்டும் இரண்டு வருஷம் படித்தேன். ஆக மொத்தம் ஆறு வருஷப் படிப்பு என்றுதான் நான் சொல்லிக்கொள்வது. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு செங்கல்பட்டில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை ஒன்றை நாற்பது நாற்காலியில் ஆரம்பித்தேன். இன்று நாலாயிரம் இருக்கிறது. இங்கிருந்து மாமல்லபுரம் வரை கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் என்று எதற்காவது நீங்கள் போய் உட்கார்ந்திருந்தால் அது அநேகமாக என் நாற்காலியாகத்தான் இருக்கும். நன்றி சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொண்டால் போதும்.

நாவல் படிக்க வந்ததும் நாற்காலி வழியாகத்தான். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாமல்லபுரத்தில் வீடு கட்டிக் குடியிருந்தார். நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் போன் செய்து, “புத்தகக் கூட்டம் நடத்துதோம், அறுபது நாற்காலி வேணும்” என்றார். கொண்டுபோய் வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். வந்தது ஒன்பது பேர். மீதி ஐம்பத்தோரு நாற்காலியும் காற்று வாங்கிக்கொண்டு கிடந்தன. என் சரக்கு காலியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நானும் ஒன்றில் உட்கார்ந்தேன்.

அவர்கள் யாரோ ஒரு வீட்டு இரண்டாவது மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்று ஒருவர். போட்டதுதான் சரி என்று இன்னொருவர். அடிதடி வராத குறை. நான் பக்கத்தில் இருந்தவரிடம், “யாரு வூட்டுப் பஞ்சாயத்து சார் இது? நம்ம பக்கத்து ஆளுங்களா?” என்று கேட்டேன். “இது நாவல்ங்க” என்றார். அடுத்தவர் வீட்டு விஷயத்தைப் பேச இவ்வளவு மரியாதையான வழி ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. அன்றைக்கே ஒரு நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நாற்காலியை ஏற்றிவர மறந்துவிட்டு, மறுநாள் வண்டி அனுப்பினேன்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை, இன்ஜினியர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். பக்கத்தில் சிற்பக் கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கல் அறுக்கும் மிஷின் ஓய்வெடுக்கும், நாம் பேசுவது காதில் விழும். கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாங்கிப்போன நாவலைப் பற்றிக் கருத்துச் சொன்னால்தான் அடுத்தது கேட்கலாம். கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க’ என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒருவர் கத்திரி வெயிலில், “விடாம மழை பெய்யிற நாவல் எதாவது இருக்கா?” என்று கேட்டு வாங்கிப்போனார். நான் கேட்டது, “ஒரு வியாபாரி ஜெயிக்கணும், ஆனா அயோக்கியனா இருக்கக் கூடாது.” இதுவரை ஒருவராலும் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. தமிழ் நாவலில் வியாபாரி ஒன்று ஏமாற்றுகிறான், இல்லை ஏமாந்து போகிறான். எழுதுகிறவர்களுக்கு என்னைப் போன்ற ஆட்களோடு பழக்கம் போதாது.

என் கருத்துகளுக்குக் கூட்டத்தில் தனி மதிப்பு உண்டு. போன மழைக்காலத்தில் படித்த ஒரு நாவலில் கதாநாயகன் நாற்பது பக்கம் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்க்கிறான். நான் சொன்னேன்: “நம்ம கடற்கரையில பத்து நிமிஷம் தனியா உட்கார முடியாது. சுண்டல்காரர் வருவாரு, இல்லாட்டி குதிரைக்காரர் வருவாரு. இந்த எழுத்தாளர் கடலை போட்டோவுல பார்த்திருக்காரு.” இன்னொரு நாவலில் எண்ணூறு பேர் கல்யாணத்துக்கு இரண்டே சமையல்காரர்கள். அந்தப் பக்கத்தோடு அந்த ஆசிரியர் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. படித்தவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

இவ்வளவு கவனமான ஆள் ஒரு பெரிய தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். திருக்கழுக்குன்றத்தில் தனியாகக் குடியிருக்கிறார். எழுபத்தோரு வயது. எந்த நாவலில் யார் யாருக்கு என்ன உறவு, எந்த அத்தியாயத்தில் யார் எதற்கு அழுதார்கள் என்று கேட்டால் கையோடு சொல்வார். அவருக்கு ஒரே ஒரு பயம்தான். அவருடைய அக்கா கடைசி வருஷங்களில் பெற்ற பிள்ளைகளைப் பார்த்து, ‘நீங்க யாரு, சாப்பிட்டீங்களா’ என்று கேட்டவர். அதைப் பார்த்த பிறகு டீச்சரம்மாவும் பெங்களூரில் இருக்கும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மறதி லேசாகத் தெரிந்தாலும் டீச்சரம்மா மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு போய்விட வேண்டும். அவருக்குப் போக இஷ்டமே இல்லை. ‘பத்தாவது மாடியில என்னைக் காயப் போட்டுருவா’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவரிடம்தான் நான் கேட்டேன்: “டீச்சரம்மா, அண்ணன் தம்பி கதையா வேணும். ஒருத்தன் வூட்டை வுட்டு ஓடிப்போவணும்.” அடுத்த கூட்டத்துக்குக் காலிகோ துணியில் பைண்டிங் போட்ட தடிப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். “மூணு தடவை படிச்சிருக்கேன். கண்ணை மூடிண்டு படிங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டே படித்துவிட்டேன் போலிருக்கிறது.

நான் நாவலைக் கடையில் வைத்து, மத்தியானத்தில், வாய்விட்டுத்தான் படிப்பேன். என் மனைவி கேட்டுக்கொண்டே திரும்பி வந்த பாத்திரங்களைச் சரிபார்ப்பாள். கதை மரக்காணத்து உப்பளத்தில் ஆரம்பித்தது. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு மூத்தவன் ரயிலேறிப் போய்விடுகிறான். தம்பி உப்பளத்தைக் கட்டிக்கொண்டு அல்லாடுகிறான். மூத்தவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வரப்பில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்தோடு பக்க எண் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாம் பாகம் என்று நினைத்துக்கொண்டேன். அதில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு கார்டு, பச்சைக் கொடியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாக இருக்கிறார்.

“அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?” என்றாள் மனைவி.

“வருவா. பொறுமே.”

“இந்தக் கார்டு யாரு நடுவுல?”

நாலு அத்தியாயம் தாண்டியதும் எனக்குப் பொறி தட்டியது. உப்பளத்து மூத்தவன் சர்க்கரை போடாமல் டீ குடிப்பவன். கார்டும் அப்படியே. மூத்தவன் பொய் சொல்லும்போது இடது காதைத் தேய்ப்பான். கார்டு ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுக் காதைத் தேய்க்கிறார். “இவன்தாமே அவன்!” என்று கத்தினேன்.

“பேரு வேறயா கீதே?”

“ஓடிப்போனவன் பேரை மாத்திக்க மாட்டானா? உனக்கு இலக்கியம் புரியாது.”

“கார்டுக்கு அம்மா மதுரையில கீதுன்னு படிச்சியே. உப்பளத்து அம்மா செத்துப் போனாளே.”

“அது வளர்ப்புத் தாய்” என்றேன். புத்தகத்தில் அப்படி இல்லை. நானே போட்டுக்கொடுத்தேன்.

அந்த ஞாயிறு நான் எழுந்து நின்று இருபது நிமிஷம் பேசினேன். “ஆசிரியர் ஒரு இடத்துல கூட இவன்தான் அவன்னு சொல்லல. டீயை வெச்சார், காதை வெச்சார். மதுரை அம்மா வளர்ப்புத் தாயின்னு நாமளே புரிஞ்சுக்கணும். மிச்சத்தை நம்மகிட்ட வுட்டுட்டார். இதுதான்யா எழுத்து!” என்றேன். கைதட்டினார்கள். இன்ஜினியர் எழுந்தே விட்டார். “அண்ணாச்சி, அருமையா பிடிச்சீய! நான் காலேஜ் படிக்கையிலே வாசிச்சது. அந்தக் கார்டு வாற இடந்தான் நாவலுக்கே உச்சம்” என்றார்.

டீச்சரம்மா காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடி, “கார்டா? எந்தக் கார்டு?” என்றார்.

“ரயில் கார்டு டீச்சரம்மா. விழுப்புரத்துக்காரர்.”

“அதுல ரயில் கார்டு வராரா?”

“இன்னா இப்படிக் கேக்கறீங்க? பாதிப் புஸ்தகம் அவர்தானே!”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவும் சிரிக்கப் பார்த்தார். காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார். அன்றைக்கு அடுத்த புத்தகம் எதுவும் கேட்கவில்லை. நான் இதையெல்லாம் பிறகு யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்போது எனக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. “அந்தக் கார்டுக்குக் கல்யாணம் ஆறதா?” என்று கேட்டார். ஆகவில்லை, கடைசியில் வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் போகிறார் என்று சொன்னேன்.

“ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். ஒரு வரி கூட ஞாபகம் வரல. மூணு தடவை படிச்ச புஸ்தகம். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், சொல்றதாத்தானே பேச்சு. வியாழக்கிழமை வரா. டாக்டரைப் பார்த்துட்டு அப்படியே கூட்டிண்டு போறாளாம்.”

“வூடு?”

“பூட்ட வேண்டியதுதான்” என்றார்.

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு பெரிய கல்யாணத்திலிருந்து வந்த பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அங்கே எங்கள் கடையும் இன்னொரு கடையும் சேர்ந்து சப்ளை செய்திருந்தோம். அப்படி இடங்களில் கரண்டியும் தட்டும் கலந்துவிடும். பிரிப்பதற்கு அவளிடம் ஒரு வழி இருக்கிறது. பேர் வெட்டியிருப்பதைத் தேட மாட்டாள், அவள் கண்ணுக்கு அது நேரம் பிடிக்கும். எல்லாத் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கவாட்டில் பார்ப்பாள். விளிம்பின் கனமும் நிறமும் எங்கே மாறுகிறதோ அங்கே அடுத்த கடை சரக்கு.

“அந்தப் புஸ்தகத்தைக் கொண்டா” என்றாள்.

கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திறக்கவே இல்லை. மூடினபடி கண்ணுக்கு நேரே பிடித்துத் தாளின் விளிம்பைப் பார்த்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

“இன்னாங்க, இது ரெண்டு கடைப் பாத்திரம்.”

“இன்னாமே உளற்றே?”

“நீயே பாரு. இந்தப் பாதி தாளு வெல்லம் கணக்கா கீது. அந்தப் பாதி வெளுப்பா கீது. நடுவுல கோடு போட்டா மாதிரி பிரிஞ்சுகினு கீது பாரு. ரெண்டு புஸ்தகத்தை ஒரே மூட்டையில கட்டிட்டான்.”

பார்த்தேன். கோடு போட்ட மாதிரித்தான் இருந்தது. அந்த இடத்தில் பிரித்தால், அடுத்த புத்தகத்தின் முதல் தாள் கிழிந்துபோய் அடித்துண்டு மட்டும் தையல் நூலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்தின் அளவே வேறு. நாற்காலி வாங்கப் போனால் காலைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவன் நான். புத்தகத்தை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

“இலக்கியம் புரியாதுன்னியே” என்றாள். தட்டு அடுக்கத் திரும்பிவிட்டாள். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்ஜினியருக்குப் போன் போட்டேன். “சார், நீங்க காலேஜ்ல படிச்சப்போ அந்த நாவல்ல கார்டு நெஜமாவே வந்தாரா?”

அவர் தொண்டையைக் கனைத்தார். “அண்ணாச்சி, உள்ளதைச் சொல்லுதேன். நான் அதை வாசிக்கவே இல்ல.”

“உச்சம்னு சொன்னீங்களே!”

“நீங்க சொன்ன விதம் உச்சமா இருந்துச்சு. கூட்டத்துல சொல்லிராதீய.”

நான் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்கு, யாருக்கும் சொல்லாமல் மூடி மறைத்துவிட எனக்கும் ஆசை வந்தது. ஐந்தாவது படித்தவன் இருபது நிமிஷம் பேசி, படித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். வியாழக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். சாவியை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

டீச்சரம்மா வீட்டில் பாதிப் புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. நான் ஒன்றும் விளக்கவில்லை. புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவள் பக்கவாட்டில் திருப்பிக் கோட்டைக் காட்டினாள். டீச்சரம்மா அந்த இடத்தில் விரலை விட்டுப் பிரித்தார். முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டீயும் காதும்?”

“அது ரெண்டு கதையிலயும் கீது. முடிச்சுப் போட்டது நான்தான் டீச்சரம்மா.”

“வளர்ப்புத் தாயின்னு வேற சொன்னீங்களே!”

“அதுவும் நான்தான்.”

“மனுஷா, நான் பத்து நாளா சரியாத் தூங்கலை! காலையில எழுந்ததும் என் பேரை நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கறேன்!” என்று சொல்லி, கையிலிருந்த புத்தகத்தாலேயே என் தோளில் ஒன்று வைத்தார். இரண்டு நாவல் கனம். வலித்தது. உடனே அவர் முகம் மாறிவிட்டது. “அய்யய்யோ, அந்தப் பைண்டர்!” என்றார்.

விஷயம் இதுதான். பல வருஷத்துக்கு முன்னால் இரண்டு கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்று இந்த உப்பள நாவல். மற்றது பழைய புத்தகக் கடையில் அப்போதுதான் வாங்கிய, இன்னும் படித்திராத நாவல். திரும்பி வந்தது ஒரே புத்தகம். மூன்று தடவை படித்தது அதற்கு முன்னால், வந்ததை அவர் திறக்கவே இல்லை. பைண்டர், ‘ரெண்டையும் குடுத்துட்டேன் டீச்சர்’ என்று சத்தியம் செய்திருக்கிறார். இவர் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்து, அன்றிலிருந்து அந்தத் தெருப்பக்கமே போவதில்லை. மறுவாரம் அரைக் கிலோ மைசூர்பாகோடு போய் மன்னிப்புக் கேட்டாராம். பைண்டர், “ரெண்டுக்கும் தனித்தனி அட்டை எதுக்குன்னு சேர்த்துட்டேன் டீச்சர், உங்களுக்கு நல்லது பண்ணலாம்னுதான்” என்றாராம்.

நாங்கள் புத்தகம் கொண்டுபோன அன்றைக்கே, எங்கள் எதிரிலேயே மகளுக்குப் போன் செய்தார். “நான் வரலை. மறதி எல்லாம் இல்லைடீ. பைண்டிங்.” மகள் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. மறக்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தான் ஏதாவது காரணம் சொல்வார்கள் என்றாளாம். வியாழக்கிழமை வந்து டாக்டரிடமும் கூட்டிப்போனாள். டாக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். டீச்சரம்மா தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டு, நாட்காட்டியில் தேதி கிழிக்காமல் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகப்படுத்திவிட்டு வந்தார். அப்படியும் மகளுக்கு முழுத் திருப்தி இல்லை. இன்னும் ஒன்றரை மாதம் பார்க்கலாம், அப்புறம் முடிவு சொல்கிறேன் என்று கெடு வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். இன்ஜினியரைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கும் வியாபார தர்மம் உண்டு. ஆனால் டீச்சரம்மா அவர் பக்கம் திரும்பி, “அந்த இடந்தான் உச்சம்னு நீங்க சொன்னீங்களே சார்?” என்று கேட்டுவிட்டார். இன்ஜினியர் யோசிக்கவே இல்லை. “நானும் அந்தப் பைண்டிங்கைத்தான் வாசிச்சிருப்பேன் போல” என்றார். கார் ஷெட் கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் டீச்சரம்மா சொன்னார்: “எனக்கு ஒரு நாவல் வேணும். குடும்பக் கதையா இருக்கட்டும். ஆனா ஆளுங்க கூட்டமா இருக்கணும். யாரு யாருக்கு யாருன்னு படிக்கறவா தலையைப் பிச்சுக்கணும்.”

ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். இருபது பேர் வரும் நாவல் என்றார் ஒருவர். அது போதாது என்றார் டீச்சரம்மா. மூன்று தலைமுறை என்றார் இன்னொருவர். கடைசியில் நான் படித்திருந்த ஒன்றைச் சொன்னேன். நாலு தலைமுறை, ஒரே பெயரில் மூன்று பேர், படிக்கும்போது குழம்பிப்போய் நான் பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் மரம் போல வரைந்து வைத்துக்கொண்ட நாவல். “அதைக் குடுங்க” என்றார். மரம் போட்ட பின் அட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுத்தேன். அதில் மொத்தம் நாற்பத்தாறு பேர்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு மகளும் வந்தாள். கடைசி வரிசையில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டீச்சரம்மா கையில் துண்டுச்சீட்டு கூட இல்லாமல் எழுந்து நின்றார். கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பித்தார். அவருடைய இரண்டு மனைவிகள், மூத்தவளின் நாலு பிள்ளைகள், அதில் சிங்கப்பூர் போனவன், அவன் அங்கே கட்டிக்கொண்டவள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். நான் பின் அட்டையில் ஒவ்வொருவராக டிக் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே பெயர் உள்ள மூன்று பேரையும் பிசகாமல் பிரித்தார். பேரன் வீட்டு நாய்க்குட்டியைக் கூடச் சொன்னார். அது என் மரத்தில் இல்லை. நாற்பத்தைந்தோடு நிறுத்தி, “அவ்வளவுதான்” என்று உட்கார்ந்தார்.

என் மரத்தில் ஒரு பெயர் டிக் இல்லாமல் நின்றது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவள் என் கையிலிருந்த அட்டையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சரம்மா, இன்னும் ஒருத்தி பாக்கி” என்று மெதுவாகச் சொன்னேன். “சமையல் பண்றவளோட தங்கச்சி.”

“அவளை நான் கணக்குல சேர்க்கலை” என்றார். “அவ அம்மை போட்டு செத்துப்போறா, நூத்திப்பத்தாம் பக்கத்துல. அப்புறம் இருநூத்தி முப்பதுல வந்து கஞ்சி காய்ச்சிண்டு இருக்கா. எழுதினவர் மறந்துட்டார். அதுக்கு நான் என்ன பண்றது?”

மகள் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கினாள். நூற்றுப்பத்தைப் பிரித்துப் படித்தாள். அதில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இருநூற்று முப்பதைப் பிரித்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். புத்தகத்தை மூடி அம்மா கையில் கொடுத்தாள்.

“அம்மா, கொல்லைக் குழாய் சொட்டிண்டே இருக்கே” என்றாள். “நாளைக்கு ஆளை வரச்சொல்லிப் புதுசா மாத்திட்டு ஊருக்குப் போறேன்.”

பூட்டப்போகும் வீட்டுக்கு யாரும் புதுக்குழாய் போட மாட்டார்கள். எனக்கே புரிந்தது, டீச்சரம்மாவுக்குப் புரியாதா. முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஆள் எல்லாம் வேண்டாம். வாஷர்தான் போயிருக்கு. வாங்கி வெச்சிருக்கேன், நானே மாத்திக்கறேன்” என்றார்.